பென்சில் செல் புதுசு, கேமரா மட்டும் ‘பேட்டரி இல்லை’ என்கிறது

எர்ணாவூர் அக்கா: மாமா, ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டை வளைகாப்புக்கு அப்பாவோட கேமராவைக் கொண்டுவரலாம் என்று பீரோவிலிருந்து எடுத்தேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட பென்சில் செல். ஆன் செய்தால் லென்ஸ் வெளியே வருகிறது, உடனே ‘பேட்டரியை மாற்றவும்’ என்று காட்டி அணைந்துவிடுகிறது.

ராயபுரம் சித்தி: கடையில் புது செல் வாங்கிப் போட்டுப் பாரேன்மா.

எர்ணாவூர் அக்கா: அதையும் போட்டேன் சித்தி. ஃப்ளாஷ் அடித்ததும் அதே கதைதான்.

ராயபுரம் சித்தி: அப்ப கேமரா போயிடுச்சு. செல்போனிலேயே எடுத்துவிடலாம், விடு.

தண்டையார்பேட்டை மாமா: இரும்மா, அவசரப்படாதே. பாப்பா, ஏற்கெனவே எடுத்த படங்களைப் பார்க்கிற பக்கத்துக்குப் போ. லென்ஸ் உள்ளேயே இருக்கட்டும். தாங்குகிறதா பார்.

எர்ணாவூர் அக்கா: தாங்குது மாமா! அப்பா எண்ணூரில் எடுத்த படமெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. எச்சரிக்கையே காட்டவில்லை.

தண்டையார்பேட்டை மாமா: அப்ப செல்லில் சார்ஜ் இருக்கிறது. இந்த மாதிரி கேமரா செல்லுக்குள் எவ்வளவு மிச்சம் என்று அளப்பதில்லை, வோல்ட்டேஜை மட்டும்தான் பார்க்கும். லென்ஸ் மோட்டார் சுற்றும்போதும் ஃப்ளாஷ் ஏறும்போதும் நிறைய கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ‘தீர்ந்துபோச்சு’ என்று முடிவு கட்டிவிடும். சார்ஜ் செல், சாதா செல் இரண்டிலும் இப்படி என்றால் எனக்குச் சந்தேகம் செல் மேல் இல்லை. செல் போடுகிற இடத்தை டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பு.

எர்ணாவூர் அக்கா: 📷 படம்

தண்டையார்பேட்டை மாமா: பார்த்தாயா, ஸ்பிரிங் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. மூடியில் இருக்கிற தகடும் மங்கிக் கிடக்கிறது. எப்பவோ ஒரு சாதா செல் உள்ளே கசிந்திருக்கிறது. கடல் பக்கத்து வீடு வேறு, உப்புக்காற்று சும்மா விடுமா? கணக்கு இதுதான்: சார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 2.4. அந்தப் பூப்பு 0.3 ஓம் தடை கொடுத்தால், 1 ஆம்பியர் இழுக்கும்போது 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். கேமராவுக்குக் கிடைப்பது 2.1தான்.

ராயபுரம் சித்தி: புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை மாதிரி வந்துவிடாதா அண்ணா?

தண்டையார்பேட்டை மாமா: நீ சொல்வதில் நியாயம் இருக்கும்மா, கசிந்த உப்புக்குப் புளிப்பு கேட்கும். ஆனால் புளியில் பிசுக்கு ஒட்டும். வினிகர் நல்லது. பாப்பா, முதலில் செல்லை வெளியே எடுத்துவிடு. காது குடைகிற பட்ஸில் வினிகரைத் தொட்டு, பிழிந்துவிட்டுத் துடை. சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடு. செல்போன் ரிப்பேர் கடையில் கேட்டால் கிடைக்கும். கடைசியாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரால் தகட்டைத் தேய், செல்லின் இரண்டு முனையையும் சேர்த்து. உப்புத்தாள் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் துரு சீக்கிரம் வரும்.

எர்ணாவூர் அக்கா: சரி மாமா. கடைக்குப் போய்விட்டு வருகிறேன்.

திருவொற்றியூர் தம்பி: மாமா, மெனுவில் பேட்டரி வகை என்று ஒன்று இருக்குமே, அதையும் பார்க்கச் சொல்லலாமா?

தண்டையார்பேட்டை மாமா: நல்ல கேள்விடா. எல்லாக் கேமராவிலும் இருக்காது. இருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். சாதா அல்கலைன் புதிதாக 1.5 வோல்ட், உபயோகிக்க உபயோகிக்க இறங்கிக்கொண்டே வரும். நிக்கல் சார்ஜ் செல் பெரும்பாலான நேரம் 1.2 பக்கத்திலேயே நிற்கும். மெனுவில் அல்கலைன் என்று இருந்தால், நல்ல நிக்கல் செல்லையும் கேமரா பாதி தீர்ந்த செல்லாக நினைத்துக்கொள்ளும்.

எர்ணாவூர் அக்கா: துடைத்துவிட்டேன் மாமா. பட்ஸ் முழுக்கப் பச்சை. ஸ்பிரிங் பளபளவென்று இருக்கிறது. மெனுவில் அல்கலைன் என்றுதான் இருந்தது, நிக்கலுக்கு மாற்றினேன். லென்ஸ் வந்தது, ஃப்ளாஷும் அடிக்கிறது! ஆனால் இப்போது நடுநடுவே பட்டென்று அணைகிறது. எச்சரிக்கை எதுவும் இல்லை.

தண்டையார்பேட்டை மாமா: செல் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்துப் பார்.

எர்ணாவூர் அக்கா: அழுத்தினால் அணையவில்லை!

தண்டையார்பேட்டை மாமா: மூடியின் கொக்கி தளர்ந்திருக்கிறது. இரண்டு செல்லையும் இணைப்பதே மூடியில் இருக்கிற அந்தத் தகடுதான், அழுத்தம் குறைந்தால் தொடர்பு விட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூடி மேல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளி. கொக்கியை அப்புறம் நான் பார்க்கிறேன்.

ராயபுரம் சித்தி: தேதி கேட்கிறதா? எங்க கேமரா ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

தண்டையார்பேட்டை மாமா: அது வேறும்மா. தேதியை நினைவில் வைக்க உள்ளே தனியாகச் சின்ன பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் கேட்கும். இந்த எச்சரிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எர்ணாவூர் அக்கா: பீரோவில் அப்பாவோட பழைய சார்ஜ் செல் இன்னும் கிடக்கிறது மாமா. அதையும் கொண்டுவரவா?

தண்டையார்பேட்டை மாமா: கொண்டு வா, ஆனால் புதுசோடு கலந்து போடாதே. பழைய செல் சும்மா இருக்கும்போது 1.3 வோல்ட் காட்டும், லென்ஸ் சுற்றும்போது படுத்துவிடும். நான் மல்டிமீட்டரும் ஒரு டார்ச் பல்பும் எடுத்து வருகிறேன். பல்பை எரியவிட்டு அளந்தால் எது தாங்கும், எது தாங்காது என்று அங்கேயே தெரிந்துவிடும்.