31 வயதில் இடுப்பு மூட்டு மாற்று: எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி:
தம்பிக்கு வயது 31. ஸ்டீராய்டு நெடுநாள் எடுத்ததில் வலது தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் அமுங்கிவிட்டது. ஏவிஎன் (ரத்தமில்லாமல் எலும்பு சாவது), நான்காம் நிலை; தலை பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணமும் தேய்ந்திருக்கிறது. முழு மாற்று செய்யச் சொல்கிறார் ஒரு டாக்டர். "நாற்பது வரை தள்ளிப்போடு" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எந்த மூட்டு நல்லது?

பதில் 1:
தலை அமுங்கிய பிறகு துளை போட்டு அழுத்தம் குறைக்கும் ஆபரேஷனால் பயனில்லை. தூக்கத்தையும் நடையையும் கெடுக்கும் வலி இருந்தால் வயதைக் காட்டித் தள்ளிப்போடுவது வீண். தொடைத் தசை வற்றும், மூட்டு மடங்கியபடி இறுகும், முதுகும் சேர்ந்து கெடும்.

வருஷக் கணக்கு: 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இடுப்பு மாற்றுகளில் சுமார் 58% 25 வருஷம் தாங்கின. இதை அப்படியே தம்பிக்குப் பொருத்தாதீர்கள். அதில் பெரும்பாலோர் வயதானவர்கள்; இளைஞர் அதிகம் நடப்பார், அதிக காலம் வாழ்வார். ஆனால் அவை பழைய பிளாஸ்டிக் காலத்து மூட்டுகளும்கூட. 1990-களின் கடைசியில் வந்த கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக் தேய்வது மிகக் குறைவு. எப்படியும் ஆயுளில் ஒரு மறு ஆபரேஷனாவது வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

பதில் 2:
இந்த வயதுக்கு என் தேர்வு செராமிக் தலை, கிராஸ்லிங்க்டு பிளாஸ்டிக் கிண்ணம், தொடை எலும்புக்குள் இறங்கும் சிமென்ட் இல்லாத தண்டு. செராமிக்கோடு செராமிக் இன்னும் குறைவாகத் தேயும். ஆனால் கிண்ணத்தின் கோணம் பிசகினால் பாரம் விளிம்பில் விழும். கிறீச்சென்று சத்தம் வரும், அரிதாக உடையும். உடைந்தால் அடுத்து உலோகத் தலை வைக்கக் கூடாது. உள்ளே தங்கிய செராமிக் துகள் அதை அரைத்துத் தள்ளிவிடும். உலோகத்தோடு உலோகம் வேண்டவே வேண்டாம். கோபால்ட் துகளால் சதை அழுகி, 2010-ல் அந்த வகை ஏஎஸ்ஆர் மூட்டு திரும்பப் பெறப்பட்டதே போதும்.

தலை பெரிதாக இருந்தால் மூட்டு நழுவுவது குறையும். ஆனால் கிண்ணம் சிறியதானால் 36 மி.மீ. தலைக்கு இடம் விட்டுப் பிளாஸ்டிக் மெலிந்துவிடும். அப்போது 32 போதும்.

கேட்டவர்:
நன்றி. மாற்று செய்த பிறகு வலி இல்லாவிட்டாலும் அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

பதில் 3:
இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூட்டு தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் துகளை விழுங்கும் செல்களால் அதைச் செரிக்க முடியாது. அவை விடும் சமிக்ஞையில் சுற்றியுள்ள எலும்பு கரையும். வலியே இருக்காது. வலி வரும்போது கிண்ணம் பிடிக்க எலும்பு மிஞ்சாது; மறு ஆபரேஷன் கடினமாவது அதனால்தான்.

முதல் வருஷ எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்தி, பிறகு சில வருஷங்களுக்கு ஒருமுறை எடுப்பதை அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தலை கிண்ணத்தில் மேலே ஏறியிருக்கிறதா, தண்டு இறங்கியிருக்கிறதா, எலும்பில் கறுப்புத் திட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்து முதல் நாலு அடியில் தொடை வலித்து அப்புறம் அடங்கினால் தண்டு தளர்ந்திருக்கலாம். கவட்டை வலி என்றால் பெரும்பாலும் கிண்ணம்.

இன்னொன்று: ஸ்டீராய்டால் வரும் ஏவிஎன் இரண்டு பக்கமும் தாக்குவது சகஜம். இடது இடுப்புக்கு எம்ஆர்ஐ எடுத்தார்களா? அங்கே தலை அமுங்கவில்லை என்றால் இன்னும் காப்பாற்ற வாய்ப்புண்டு. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில், மூட்டின் மாடலும் அளவும் உள்ள பெட்டி ஸ்டிக்கர்களை ஒட்டி வாங்குங்கள். இல்லாவிட்டால், பிற்காலத்தில் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், அதே கிண்ணத்துக்குப் பொருந்தும் அளவு தெரியாமல் நன்றாக இருக்கும் கிண்ணத்தையும் பெயர்த்தெடுக்க நேரும்.