வெற்றிலைச் சாற்றின் தடுப்பு வளையத்துக்கு என்ன பொருள்?

கேள்வி (எலகங்கா மாணவி):
பெங்களூரில் முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். மல்லேசுவரம் சந்தையில் வாங்கிய வெற்றிலையை நிழலில் உலர்த்தி, மெத்தனாலிலும் கொதிநீரிலும் தனித்தனியே சாறெடுத்து, பாக்டீரியா பரப்பிய அகாரில் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) வெட்டிய ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 100 மி.கி. செறிவில் 100 மைக்ரோலிட்டர் விட்டேன். மெத்தனால் சாறு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு 18 மி.மீ. தடுப்பு வளையமும் (குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம்) ஈ. கோலைக்கு 10 மி.மீ. வளையமும் தந்தது. கொதிநீர்ச் சாற்றுக்கு வளையமே இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (பாக்டீரியா எதிர்ப்பு மருந்து) வில்லை 22 மி.மீ. காட்டியதால், சாறு ஏறக்குறைய அதற்கு இணையானது என்று எழுதலாமா? புண்ணை வெற்றிலைக் கஷாயத்தால் கழுவும் எங்கள் ஆத்தாவின் வழக்கம் வீண்தானா என்பதும் மனத்தை உறுத்துகிறது.

பதில் 1:
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். உங்கள் குழியில் இருந்தது 10 மி.கி. சாறு; வில்லையில் இருந்த மருந்தைப்போல் அது ஆயிரம் மடங்கு. மேலும், வளையத்தின் அகலம் பொருளின் வீரியத்தை மட்டுமன்றி அது அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓவை மட்டும் விட்ட குழி ஒன்று தட்டில் இருந்ததா? அது இல்லாமல் 10 மி.மீ. வளையத்தை நம்ப முடியாது; கரைத்த திரவமே அதை உண்டாக்கியிருக்கலாம். ஈ. கோலைக்கு வளையம் சிறுத்தது வியப்பில்லை: ஈ. கோலை போன்ற கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு பல தாவரப் பொருள்களை உள்ளே விடுவதில்லை.

பதில் 2:
நான் தாவர வேதியியல் துறையைச் சேர்ந்தவன். வெற்றிலை கொதிக்கும்போது அறையெங்கும் எழும் மணமே யூஜினால், சாவிபெட்டால் என்னும் மணப்பொருள்கள் ஆவியோடு வெளியேறுவதற்குச் சாட்சி. நீரில் தங்கும் டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்) பெரிய மூலக்கூறுகள் என்பதால் அகாரில் மெதுவாகவே பரவும். ஆகவே வளையம் இல்லை என்பதால் செயல் இல்லை என்று தீர்ப்பெழுத முடியாது. சாற்றில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் வரும் கருநீலமோ கரும்பச்சையோ, யூஜினால், டானின் போன்ற ஃபீனால்கள் உள்ளன என்று மட்டுமே சொல்லும். எது, எவ்வளவு என்று சொல்லாது. பொருள்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவி ஆவியாகும் பொருள்களையே காட்டும். மற்றவற்றுக்குத் திரவத்தில் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி வேண்டும்.

பதில் 3:
96 குழித் தட்டில் சாற்றைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்து, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டுபிடியுங்கள். ரெசசூரின் சாயம் சேர்த்தால் உயிருள்ள பாக்டீரியா இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். சில ஃபீனால்கள் தாமாகவே அந்த நிறமாற்றத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், பாக்டீரியா இல்லாத சாற்றுக் குழிகளையும் மறவாமல் வையுங்கள்.

எலகங்கா மாணவி:
மூவருக்கும் நன்றி. டிஎம்எஸ்ஓ குழி வைக்கவில்லை. நாளை முதலில் அதைத்தான் செய்யப்போகிறேன். ஊருக்கு அழைத்து விசாரித்தேன்: ஆத்தா பானையை மூடிவைத்தே காய்ச்சி, ஆறிய பிறகுதான் திறப்பாராம். நான் திறந்த பீக்கரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டேன். இரண்டையும் அடுத்தடுத்த குழிகளில் வைத்துப் பார்க்கிறேன்.