2008 யமஹா எஃப்ஜேஆர் 1300 பைக், 71,000 கி.மீ. ஓடியது: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

நெடுவழி:

வணக்கம் நண்பர்களே. பத்து நாளாக ஒரே விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். ஓட்டிப் பழகியவர்களிடம் கேட்டுவிடுவதுதான் சரி என்று இங்கே எழுதுகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடமாக நானும் மனைவியும் நான்கு நாள், ஐந்து நாள் பயணமாகப் போக ஆரம்பித்துவிட்டோம். இரண்டு பேர், இரண்டு பக்கமும் பை, எதிர்க்காற்று வேறு என்றால் வண்டி திணறுகிறது. 100-க்கு மேல் போனால் ஹேண்டில் அதிர்வில் விரல் மரத்துப்போகிறது. போன பயணத்தில் 300 கி.மீ. தாண்டியதும் மனைவி இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே பெரிய வண்டி பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

புது டூரிங் வண்டி கைக்கு எட்டாது. பழையதில் யமஹா எஃப்ஜேஆர் 1300 இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 2008 மாடல், 71,000 கி.மீ., இரண்டாவது ஓனர், இன்றைக்கும் வாராவாரம் ஓட்டுகிறார், சர்வீஸ் தாள்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. இன்னொன்று 2007 மாடல், 19,000 கி.மீ.தான், பெயிண்டில் முகம் பார்க்கலாம், ஆனால் நான்கு வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மனசு 19,000 பக்கம்தான் சாய்கிறது. 71,000 என்றால் இன்ஜினில் பாதி ஆயுள் போன மாதிரி இல்லையா? போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஐந்தாம்கியர்:

நெடுவழி, 71,000-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். என்னுடைய எஃப்ஜேஆர் 1,20,000 தாண்டிவிட்டது, இன்ஜினை நான் இன்னும் பிரிக்கவில்லை. 1,298 சிசி, நான்கு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் இன்ஜின். 100-இல் போகும்போது ஐந்தாவது கியரில் மூவாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்தான் சுற்றும், சிவப்புக்கோடு 9,000-இல் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய 70,000 கிலோமீட்டர் அதற்குப் பெரிய வேலையே இல்லை.

பார்க்கப் போகும் முன் ஓனரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: நான் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சூடான இன்ஜினில் சத்தமும் புகையும் ஒளிந்துகொள்ளும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போதுதான் வண்டி உண்மையைப் பேசும். முதல் இரண்டு மூன்று விநாடி இன்ஜினுக்குள்ளிருந்து டைமிங் செயின் சலசலப்பு வந்து அடங்கினால் பரவாயில்லை, அடங்காமல் தொடர்ந்தால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும்.

ஃபைலில் முதலில் தேட வேண்டியது வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வு இடைவெளி, பார்த்த தாள். ஏறக்குறைய 40,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும். டேங்கைத் தூக்கி, மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கிற வேலை. அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடான ஷிம்மை மாற்ற வேண்டி வந்தால், வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டையே எடுக்க வேண்டும், அதனால் நிறையப் பேர் "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் டிக் டிக் என்று தட்டுகிற வால்வைக்கூட நான் மன்னிப்பேன். சத்தமே இல்லாமல் இறுகிப்போன வால்வுதான் கருகும்.

அடுத்தது ஃபைனல் டிரைவ், அதாவது பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் பகுதி. இதில் வெளியே செயின் கிடையாது, ஷாஃப்ட். சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், கரகரப்பு எதுவும் கையில் தட்டுப்படக்கூடாது. பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் அந்த கியர் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு டம்ளர் ஆயில்தான். ஓனர் சம்மதித்தால் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்துப் பாருங்கள். லேசான சாம்பல் நிறம் சகஜம், மணல் மாதிரி நறநறத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2006 முதல் 2009 வரையான வண்டிகளில் எர்த் வயர்கள் வந்து சேரும் சின்ன கனெக்டர்கள் சூடாகி உருகுவது இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஹெட்லைட்டும் மீட்டரும் விட்டுவிட்டு அணைகிறதென்றால் அதுவாக இருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் வேலை (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். ஹேண்டில் தலைப்பகுதியில் பொறித்திருக்கும் அந்த எண்ணும் ஆவணத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்றும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

ஷெட்டில் நின்றதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், பட்டவர்கள் சொல்லட்டும்.

மழைக்கோட்டு:

பட்டவன் நான்தான். எஃப்ஜேஆர் இல்லை, வேறொரு கம்பெனியின் டூரிங் வண்டி. 14,000 கி.மீ., ஐந்து வருடம் நின்றது, நெடுவழி சொல்கிற மாதிரியே பளபளவென்று இருந்தது. மீட்டரைப் பார்த்து மயங்கி வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாவது நாள் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எலிக்கூடு. சீட்டின் அடியிலிருந்த ஸ்பாஞ்சைக் கொறித்துக் கொண்டுவந்து, காய்ந்த இலையோடு சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக மெத்தை கட்டியிருந்தது. அதன் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக வயர் உறைத் துணுக்குகள். எந்த வயர் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

அது வெறும் ஆரம்பம்தான். டேங்குக்குள் டார்ச் அடித்தால் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே வளையமாகத் துரு. பம்பும் இன்ஜெக்டரும் பிசினாகிக் கிடந்தன. பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், பழைய ஓனர் மாற்றவே இல்லை. பிரேக் கேலிப்பரில் பிஸ்டன் இரண்டு ஒட்டிக்கொண்டன. முதல் 200 கிலோமீட்டரில் முன்பக்க ஃபோர்க்கின் ஆயில் சீல் ஒழுக ஆரம்பித்தது, நின்றே கிடந்ததில் ரப்பர் காய்ந்துவிட்டிருந்தது. டயரில் பட்டன் ஆழம் புதுசு மாதிரி இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். அங்கேயே டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3209 என்றால் 2009-இன் 32-வது வாரம். என் வண்டியில் அதுதான் இருந்தது, வண்டியோடு பிறந்த டயர்.

மொத்தம் ஏழு மாதம் போனது, ஒரு பயணம்கூடப் போகவில்லை. ஓடிய வண்டியில் தேய்மானம்தான், தேய்ந்ததை மாற்றலாம். நின்ற வண்டியில் எது கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 19,000-ஐ வாங்கத்தான் வேண்டும் என்றால், டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், எல்லா ரப்பர் குழாயும் புதுசு என்று கணக்குப்போட்டு அதை விலையில் கழித்துப் பேசுங்கள். நான் வாங்க மாட்டேன்.

சமவெளி:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 400 சிசியிலிருந்து நேரே இதற்குத் தாவத்தான் வேண்டுமா? டேங்க் நிறைந்த எஃப்ஜேஆர் 290 கிலோவுக்குப் பக்கம். பெட்டி, சாமான், பின்னால் ஆள் என்றால் நீங்கள் தாங்கிப் பிடிப்பது இன்னும் எவ்வளவோ. சுசூகி வி-ஸ்ட்ராம் 650 மாதிரி ஒன்று 215 கிலோ அளவில் முடிந்துவிடும், இரண்டு பேரோடு 110-இல் நாள் முழுக்கப் போகும், கல் ரோட்டிலும் இறக்கலாம். என்ன, செயின் துடைத்து எண்ணெய் போட வேண்டும். நீங்கள் போகிற பாதை எல்லாம் நல்ல தார்ரோடு என்றால் எஃப்ஜேஆர் சரி. பாதி மண்ரோடு என்றால் யோசியுங்கள்.

பின்சீட்டு:

அண்ணா, இதுவரை எழுதிய எல்லோரும் முன்னால் உட்காருபவர்கள். நான் பதினொரு வருடமாகப் பின்னால் உட்காருகிறவள், அதனால் எழுதுகிறேன்.

அண்ணியை அழைத்துக்கொண்டு போங்கள். நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை நம்ப வேண்டாம், எந்த சீட்டும் ஐந்து நிமிடத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். குறைந்தது அரைமணி நேரம் ஓட வேண்டும். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள், கால்வைக்கும் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் இடுப்பு வலி இந்த வண்டியிலும் கூடவே வரும். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி மோட்டாரில் ஏறி இறங்கும், அதை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். ஏற்றினால் உங்களுக்குக் காற்று குறையும், ஆனால் சில வண்டிகளில் அந்தக் காற்று சுழன்று வந்து பின்னால் இருப்பவர் ஹெல்மெட்டைப் போட்டு உலுக்கும். எனக்கு ஒரு வண்டியில் அப்படித்தான் கழுத்து பிடித்துக்கொண்டது. பின்பெட்டியில் முதுகுக்கு மெத்தை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

அப்புறம் எடை. நாங்கள் பெரிய வண்டிக்கு மாறிய முதல் மாதம், சரிவான ஜல்லியில் திருப்பும்போது என் கணவரின் கால் வழுக்கி வண்டி மெதுவாகச் சாய்ந்தது. நின்ற இடத்தில்தான், யாருக்கும் அடி இல்லை. ஆனால் இரண்டு பேரும் இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. வழியில் வந்த ஒரு பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே நீட்டிவிட்டு, கியரில் போட்டுவிட வேண்டும். ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் அண்டக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில், ஒரு கையால் பின்கம்பி, கால்களால் மட்டும் தள்ளிப் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். எழுந்துவிட்டது! இப்போது நான் ஒருத்தியே தூக்குவேன். வாங்கும் முன் நீங்கள் இருவரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 19,000-ஐப் பார்க்கவே போகவில்லை. நேற்று 71,000-ஐப் பார்த்துவிட்டு வந்தேன், மனைவியும் வந்தாள்.

இன்ஜின் குளிர்ந்து இருந்தது, சைலன்சரையும் தொட்டுப் பார்த்தேன். ஒரே தொடலில் ஸ்டார்ட், சலசலப்பு ஒரு விநாடிதான். வால்வு பார்த்த தாள் 43,000-இல் இருக்கிறது, இரண்டு ஷிம் மாற்றியிருக்கிறார்கள். எர்த் கனெக்டரைப் பற்றிக் கேட்டதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது, பக்க மூடியைக் கழற்றித் தனியாக இழுத்துப்போட்ட வயரைக் காட்டினார். பின்டயரில் 1422, முன்டயரில் 3021. பேட்டரியில் மீட்டர் வைத்தேன், அணைத்த நிலையில் 12.6, ஓடும்போது 14.1 வோல்ட்.

ஒரு குறை. முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் சரியாக நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவது மாதிரி லேசாக நிற்கிறது. ஓட்டும்போது தெரியவில்லை. இதை வைத்து விட்டுவிடலாமா?

மனைவி 40 நிமிடம் உட்கார்ந்து வந்தாள். கண்ணாடியைப் பாதியில் வைத்தால் அவளுக்குக் காற்று தொந்தரவு இல்லை. இறங்கியதும் இடுப்பில் கை வைக்கிறாளா என்றுதான் பார்த்தேன், வைக்கவில்லை. எனக்குத்தான் வேர்த்துவிட்டது, சரிவில் பின்னோக்கித் தள்ளும்போது ஒரு கணம் வண்டி என்னைத் தள்ளியது. சமவெளி சொன்னது அப்போது புரிந்தது. எங்கள் பாதை எல்லாம் தார்ரோடுதான், அதனால் மனசு மாறவில்லை.

ஐந்தாம்கியர்:

அது ஸ்டீரிங் ஹெட் பேரிங், ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருப்பது. நேராகவே ஓடி ஓடி நடுவில் குழி விழுந்திருக்கிறது, நெடுஞ்சாலை வண்டிக்கு வரக்கூடியதுதான். புது பேரிங், வேண்டுமானால் டேப்பர் ரோலர் வகையில் போட்டுக்கொள்ளலாம். பாதி நாள் வேலை. அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், ஃபைலில் தாள் சேர்த்து வைக்கிற மனிதர் தகராறு செய்ய மாட்டார். விடாதீர்கள், வாங்குங்கள்.

நெடுவழி:

பேசிவிட்டேன், பேரிங் செலவைக் குறைத்துக்கொண்டார். வருகிற ஞாயிறு எடுக்கிறேன். முதல் இரண்டு வாரம் பெட்டிகளைக் கழற்றிவைத்துவிட்டு, காலி மைதானத்தில் நானும் வண்டியும் மட்டும், எட்டுப் போட்டும் மெதுவாகத் திருப்பியும் பழகப்போகிறேன். பின்சீட்டு சொன்ன மாதிரி தூக்கிப் பழக, பழைய 400-ஐப் புல்தரையில் சாய்த்துவைத்து மனைவி இன்று காலையே ஆரம்பித்துவிட்டாள்.