8 வீதமா, 24 வீதமா? சிறையில் ஜெபித்தால் திருந்துவார்களா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
நேற்று வத்தளை சாம் ஒரு போதகரின் காணொளியை இந்தக் குழுவில் போட்டிருந்தார். 'சிறையில் ஜெபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 8 வீதம் பேர்தான் திரும்ப உள்ளே போகிறார்கள், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்' என்கிறார் அந்தப் போதகர். குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ புரையேறிவிட்டது. 1997இல் டெக்சாஸ் சிறையொன்றில் தொடங்கிய திட்டம் அது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வு 2003இல் வந்தது. சேர்ந்தவர்கள் 177 பேர், முடித்தவர்கள் 75 பேர். அந்த 75 பேரில்தான் 8 வீதம். 177 பேரையும் எண்ணினால் இரண்டு வருடத்துக்குள் 24 வீதம் திரும்ப உள்ளே! திட்டத்தின் வாசலையே மிதிக்காத, மற்றபடி அவர்களைப் போன்ற கைதிகளில் 20 வீதம். மீதி 102 பேர் எங்கே, சாம்?

வத்தளை சாம்:
கணக்கன் அண்ணா, ஓய்வு பெற்றும் பேரேட்டைக் கீழே வைக்கவில்லை போலிருக்கிறது. மருந்தைப் பாதியில் நிறுத்தியவனுக்கு நோய் தீராவிட்டால் மருந்தின் குற்றமா? இந்தத் திட்டத்தை நடத்திய சிறை ஊழியத்தின் நிறுவனர் சார்ல்ஸ் கோல்சன், அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் வலது கை. நிக்சனின் பதவியையே பறித்த வாட்டர்கேட் ஊழல் விவகாரத்தில் 1974இல் உள்ளே போய் ஏழு மாதம் இருந்தவர். 1976இல் அந்த ஊழியத்தைத் தொடங்கி, சாகும்வரை அதை விடவில்லை. அவரை எந்த வீதத்தில் போடுவீர்கள்?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
கோல்சன் மனம் திரும்பியது 1973இல், சிறைக்குப் போகும் முன்பே. அதையாவது சரியாகச் சொல்லுங்கள்.
மருந்துக் கதைக்கு வருவோம். அந்தத் திட்டத்தில் 'முடித்தவர்' என்று பெயர் வாங்க, வெளியே வந்தபின் மூன்று மாதமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும், ஆலயத்துக்கும் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும். வேலை கிடைத்தவனை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு 'பார், இவன் திருடவில்லை' என்றால்? ஓ.எல். பரீட்சையில் பெயிலானவர்களின் பெயரை வெட்டிவிட்டு 'நூறு வீதம் சித்தி' என்று வாசலில் பதாகை கட்டும் டியூட்டரி வேலை இது. 102 பேர்.

வத்தளை சாம்:
அந்த 102இல் பாதிப் பேருக்குப் படிப்பு முடியுமுன்பே பரோல் கிடைத்துவிட்டது. விட்டு ஓடியவர்கள் அல்ல. இதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
மறைத்தது நானா, உங்கள் போதகரா? அவர் வாயில் 177 என்ற இலக்கமே வரவில்லையே.

வெள்ளவத்தை ராஜி:
இரண்டு பேரும் டெக்சாஸிலேயே குடியிருங்கள். இதே திட்டத்தை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அரசாங்கப் பணத்தில் நடத்தினார்கள். 2006இல் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது, 2007இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. சரி, அது அவர்கள் பாடு. இங்கே இலங்கையில், 1983 ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்களே, அந்த மதிலுக்குள் மனம் திரும்ப வேண்டியது கைதிகள் மட்டுந்தானா?

வத்தளை சாம்:
ராஜி அக்கா, தக்காளி விலையைக் கேட்டாலும் 83இல்தான் தொடங்குவீர்கள்.

வெள்ளவத்தை ராஜி:
தம்பி, அதைச் சொல்ல உங்களுக்கு வயது போதாது. போன மாதம் ஒலிபெருக்கி விவாதத்திலும் இப்படித்தான், பதில் முட்டியதும் நக்கல். 2012இல் அதே வெலிக்கடையில் 27 பேர் செத்தார்கள். அதையாவது கேள்விப்பட்டீர்களா?

பொரளைச் சந்தி:
நான் 14 மாதம் விளக்கமறியலில் இருந்தவன். எந்தச் சிறை என்பது வேண்டாம். வழக்கு கடைசியில் தள்ளுபடியானது. இரவில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சரிந்து படுப்போம். ஒருவன் புரண்டால் வரிசை முழுக்கப் புரள வேண்டும். வியாழக்கிழமை ஜெபக்காரர்கள் வருவார்கள். மண்டபத்தில் மின்விசிறி இருந்தது, அதற்காகத்தான் முதல் நாள் போனேன். இரண்டு மாரி பிஸ்கட், பிளேன்டீ.
எனக்குப் பக்கத்தில் படுத்தவன் குடு கேஸ், போதைப்பொருள். எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களோடு வந்த ஒரு டீச்சரம்மா சொல்லிக்கொடுக்க, பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் மகளின் பெயரை எழுதிப் பழகினான். 'ஷ' மட்டும் கடைசிவரை நண்டு மாதிரியே வந்தது. விடுதலையாகிப் போனான். ஐந்தாம் மாதம் திரும்ப வந்தான், அதே கேஸ். வந்த அன்றைக்கே 'என்ர புத்தகம் எங்க?' என்று கேட்டான். இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
இதில் என்ன சந்தேகம்? திரும்ப வந்துவிட்டானே. 24 வீதத்தில்.

வத்தளை சாம்:
புத்தகத்தைக் கேட்டானே ஐயா! அதுதான் மாற்றம். சாட்சிக்கு நன்றி, சகோதரா.

பொரளைச் சந்தி:
நான் சாட்சி சொல்லவில்லை.

ஜிந்துப்பிட்டியான்:
ஆக, பிஸ்கட் கொடுத்து ஆள் சேர்ப்பது உறுதியாகிவிட்டது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது குதித்தீர்களே, இதற்குத்தானா?

வத்தளை சாம்:
இரண்டு மாரி பிஸ்கட்டுக்கு மதம் மாறுகிறவன் நாளைக்குக் கிரீம் பிஸ்கட்டைக் கண்டால் அங்கே போய்விடுவான். உங்கள் கோயிலிலிருந்து எத்தனை பேர் கைதியைப் பார்க்கப் போகிறீர்கள்?

ஜிந்துப்பிட்டியான்:
தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினோம். முந்திரிப்பருப்புப் போட்டு.

வத்தளை சாம்:
வருடத்தில் ஒரு நாள்! மற்ற 364 நாளும் அவன் பட்டினியா?

ஜிந்துப்பிட்டியான்:
பொங்கலுக்கு நாங்கள் ஜெபம் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போகலாம்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
பொங்கலும் பிஸ்கட்டும் இருக்கட்டும். கடைசியாகக் கேட்கிறேன். 8 வீதம் என்று சொன்ன காணொளி இன்னும் மேலே அப்படியே நிற்கிறது. எடுக்கிறீர்களா, இல்லையா?

வத்தளை சாம்:
எடுக்கமாட்டேன். வியாழக்கிழமை காலை என்னோடு ஒருதரம் உள்ளே வாருங்கள் அண்ணா. அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஆட்களைக் கண்ணால் பார்த்துவிட்டு எண்ணுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
வியாழக்கிழமை எனக்குக் கண் கிளினிக்.