கடைசி கால தீர்க்கதரிசன வகுப்பில் இன்னும் மனதை உறுத்தும் ஒரு தருணம், உங்களுக்கும் உண்டா?

தானியேல் 9, எழுபது வாரம். பாஸ்டர் பலகை முழுக்கக் கோடு போட்டு, ஒரு வாரம் என்பது ஏழு வருஷம், 69 வாரம் என்றால் 483 வருஷம், அதோடு மேசியா சங்கரிக்கப்படுகிறார், அப்புறம் சபையின் காலம், கடைசி வாரம் முடிவுக்கு முன் வரும் பெரும் துன்பமான உபத்திரவ காலம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வேகவேகமாக நோட்டில் வரைந்துகொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு அம்மா, கணவர் இறந்து அதிக நாள் ஆகவில்லை, "ஐயா, எங்க வீட்டுக்காரர் இப்போ இந்தக் கோட்டில் எங்கே இருக்கார்?" என்று கேட்டார். "அது உயிர்த்தெழுதல் பாடத்தில் வரும்மா" என்று சொல்லிவிட்டு பாஸ்டர் பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த அம்மா நாடாவை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வைத்து, பைபிள் உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். 1 தெசலோனிக்கேயர் 4ஐ பவுல் எழுதினதே இந்தக் கேள்விக்குத்தானே? நாங்களோ 17ஆம் வசனத்தை, இயேசு இரகசியமாக வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்கிற இரகசிய வருகைக்கு ஆதாரமாக அடிக்கோடிட்டோம், தேற்றுங்கள் என்கிற 18ஐ வாசிக்கவே இல்லை.

* * *

சிஸ்டர், அந்த அம்மாவுக்காக வருத்தப்படுகிறேன், ஆனால் கோட்டைக் குறை சொல்லாதீர்கள். கோடு போடாமல் தானியேல் 9 யாருக்குப் புரியும்? அடுத்தடுத்து வரும் ராஜ்யங்களைக் காட்டும் 2ஆம் அதிகாரத்துச் சிலையை எங்கள் ஆசிரியர் வரைந்துதான் நடத்தினார், பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், களிமண் கலந்த பாதம் என்று. அன்றைக்குத்தான் எனக்கு பைபிளில் வரலாறு இருக்கிறது என்றே பிடிபட்டது. பாடம் நடத்துகிறவர் ஒவ்வொரு கேள்விக்கும் நின்றால் பாடம் முடியாது.

* * *

மேலே எழுதின பிரதருக்கு: பாடம் முடியாவிட்டால் என்ன நஷ்டம்? 69க்கும் 70க்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷ இடைவெளி என்பது ஒரு விளக்கம்தான், அந்த வசனத்தில் அது எழுதியில்லை. 19ஆம் நூற்றாண்டில் டார்பி போன்ற போதகர்கள் அதைப் பரப்பினார்கள், 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு பைபிளின் குறிப்புகள் வழியாக உலகமெங்கும் போனது. வகுப்பில் இதையும் சொல்ல வேண்டும்.

என் விஷயம் வேறு. வகுப்பில் ஒரு தம்பி, நன்றாகப் படிக்கிறவன், "மேற்படிப்புக்குச் சேரட்டுமா அண்ணே?" என்று ஆசிரியரிடம் கேட்டான். "வருகை வாசலில் நிற்கும்போது அது எதுக்குப்பா?" என்றார். அவன் சேரவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, நிஜமாகவே அவனுக்கு நல்லது செய்துவிட்டதாக அவர் நினைத்தார். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் போதகரை நம்பினவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசுவின் வருகைக்காகக் காத்திருந்தார்கள், சிலர் வயலில் பயிரை அறுக்காமலே விட்டிருந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரோல்ட் கேம்பிங் வருகை 2011 மே 21 என்றார், நடக்கவில்லை என்றதும் அக்டோபர் 21 என்றார். அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36 இவர்கள் எல்லாருடைய பைபிளிலும் இருந்தது.

* * *

எங்கள் வகுப்பில் மிருகத்தின் எண்ணான 666 பாடம் வந்த அன்று ஆளாளுக்கு ஒரு தலைவர் பெயரைக் கூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான் என் கதை. சொல்ல வந்தது இது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலைத் தொடங்குவதற்கு முன்னால் எசேக்கியேல், தானியேல், சகரியா மூன்றையும் வாசித்துவிடுங்கள், ஏனென்றால் யோவான் பார்க்கிற மிருகங்களும் குதிரைகளும் விளக்குத்தண்டும் அங்கே இருந்துதான் வருகின்றன. அப்புறம் முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள், 1:3 வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் சேர்த்துத்தான் பாக்கியவான்கள் என்கிறது. செய்தித்தாளை வகுப்புக்கு வெளியே வையுங்கள். 13:18க்கு வரும்போது, நீரோ கேசர் என்ற ரோமப் பேரரசன் பெயரை எபிரெயத்தில் எழுதி எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் 666 வருகிறது என்பதையும், சில பழைய பிரதிகளில் 616 இருக்கிறது என்பதையும் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். சிமிர்னா சபைக்கு வந்த கடிதத்தை உபத்திரவப்படுகிறவர்களின் இடத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.

* * *

ஐயா, இதெல்லாம் சரி. எங்கள் வகுப்பு இப்போது வெளிப்படுத்தல் 20ஆம் அதிகாரத்தில் நிற்கிறது. கிறிஸ்து அரசாளும் ஆயிரம் வருஷம் நேரடி அர்த்தமா, அடையாளமா என்று ஆரம்பித்து, பல வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பெரியவர்கள் போன வாரம் எதிரெதிர் மூலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் ஜெபத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நாளைக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். பழங்காலச் சபை அறிஞர் அகஸ்டின் காலத்திலிருந்தே இதில் இரண்டு பக்கமும் விசுவாசிகள் இருந்திருக்கிறார்கள் என்று தொடங்கலாமா, இல்லை அவர்கள் இருவரையும் முதலில் தனியாகப் பார்த்துப் பேசவா?