புதுப்பிப்பு: காங்கிரீட் சுவர் சிமுலேஷன் சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, கோபால்ட்-60 காமா கதிர் 1 மீட்டர் காங்கிரீட் சுவரைத் தாண்டி எவ்ளோ வருதுன்னு மான்டி கார்லோல (போட்டான்னு சொல்ற கதிர்த் துகளை ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ரேண்டமா விட்டு எண்ணுற முறை) போட்டா ராத்திரி பூரா லேப்டாப் ஓடியும் எரர் குறையலன்னு, அதோட அப்டேட் இது.

இன்னும் போட்டான் விடச் சொன்னீங்க, ஆனா எரர் பாதியாக 4 மடங்கு, பத்துல ஒண்ணாக 100 மடங்கு விடணும், பென்னாகரத்துல எங்க வீட்டு கரண்டுக்கு அது ஆகாதுங்க. ஒரு அண்ணன் "ஸ்ப்ளிட்டிங் போடு தம்பி"ன்னாரு, அதான் கை கொடுத்துச்சு. சுவரை 10 செ.மீ. அடுக்கா 10 துண்டாக்கினேன். போட்டான் அடுத்த அடுக்குக்குள்ள போனா ரெண்டா பிரியும், ஒவ்வொண்ணுக்கும் பாதி வெயிட் (எண்ணும்போது அந்தப் போட்டானுக்குக் குடுக்குற மதிப்பு). பின்னாடி திரும்புனா ரஷ்யன் ரூலெட், பாதி சான்ஸ்ல சாகும், பொழைச்சா வெயிட் டபுள். அதனால சராசரி மாறாது, உசுரே இதுலதான் இருக்கு.

முதல்ல வெயிட்டை மாத்தவே மறந்துட்டேன், டோஸ் (சுவரைத் தாண்டி வர்ற கதிரோட அளவு) கன்னாபின்னான்னு ஏறிடுச்சு, ஒரு நாள் பூரா தேடி அப்புறம் பாத்தா சரியா 512 மடங்கு, 9 எல்லைக்கு 9 தடவை ரெண்டால பெருக்குனா அதான வரும்!

இப்ப 20 செ.மீ. சுவருக்கு ஸ்ப்ளிட்டிங் இல்லாமலும் ஓட்டிப் பாத்தேன், ரெண்டு விடையும் எரருக்குள்ள ஒத்துப்போகுது. அண்ணா, ரொம்ப நன்றிங்க.