கோலாலம்பூர் செந்தூல் குடும்பக் குழுவில் ஒரு பெடல்

வெள்ளிக்கிழமை இரவு

நான்: அப்பா, கீபோர்டு பெடல் போய்விட்டது. ஒரு தடவை மிதித்தால் பிடிக்கிறது, மறு தடவை பிடிக்கவில்லை. வயரை ஆட்டினால் கொஞ்சம் உயிர் வருகிறது.

அம்மா: போன வருடம்தானே வாங்கியது?

அப்பா: வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. பெடலைத் திறக்க வழியே இல்லை, ஒட்டி அடைத்திருக்கிறார்கள். கடையில் புதிதுக்கு விலை கேட்டேன். ஒரு சுவிட்சுக்கு இவ்வளவா என்று வந்துவிட்டேன்.

அத்தை: ஆன்லைனில் மலிவாகக் கிடைக்குமே அண்ணா.

அப்பா: கிடைக்கும். அது வந்து சேர்வதற்குள் பொங்கல் நிகழ்ச்சி முடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை தாமான் குடியிருப்பு மண்டபத்தில் வாசிக்கிறாள்.

தாத்தா: உள்ளே என்ன இருக்கப்போகிறது? ஒரு சுவிட்ச், ரெண்டு வயர். ரயில் பட்டறையில் காலமெல்லாம் நான் பார்த்த வேலை. செய்துவிடலாம்.

மாமா: ஐயா கிளம்பிவிட்டார் 😄

சித்தப்பா: அப்பா சொல்வது சரிதான். நிஜப் பியானோவில் வலது பெடலை மிதித்தால் கம்பிகளை அமுக்கிக்கொண்டிருக்கும் டேம்பர்கள் மொத்தமாக மேலே எழும்பும். விரலை எடுத்த பிறகும் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும். கீபோர்டில் கம்பியும் இல்லை, டேம்பரும் இல்லை. ரெண்டு வயரும் தொடுகிறதா, தொடவில்லையா என்பதை மட்டும் அது பார்க்கிறது. மிச்சத்தை உள்ளே இருக்கிற சிப் பார்த்துக்கொள்ளும்.

அம்மா: ஷாக் அடிக்காதா தம்பி? இவள் வெறுங்காலோடு மிதிப்பாள்.

சித்தப்பா: அடிக்காது அண்ணி. பெடல் வயரைச் செருகும் துளையில் இருப்பது சில வோல்ட்தான். ஒன்றை மட்டும் பாருங்கள். பின்பக்கம் ஹெட்போன் துளையும் அதே அளவில்தான் இருக்கும். தெரியாமல் அதில் செருகி வயரைத் தொட வைத்தால் உள்ளே ஆம்பிளிஃபயருக்கு ஆபத்து. ஓசையை நீட்டும் பெடலுக்கான 'சஸ்டேன்' என்ற பெயர் எழுதியிருக்கிறதா என டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

தாத்தா: பிளக் என்ன அளவு?

சித்தப்பா: 6.35 மில்லிமீட்டர், மோனோ, அதாவது ரெண்டு தொடர்பு மட்டும். கரோக்கே மைக்கில் வருமே, அதே பிளக்.

அத்தை: கரோக்கே மைக்கா! தீபாவளிக்கு இவர் கீழே போட்டு உடைத்தது இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

மாமா: நான் எங்கே போட்டேன்? அதுவாகத்தான் விழுந்தது.

தாத்தா: வீசிவிடாதே. மைக்கை வெட்டிவிட்டு வயரையும் பிளக்கையும் கொண்டு வா. பிளக்குக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை நமக்கு இல்லை.

மாமா: எங்கள் வீட்டில் ஓடாத மைக்ரோவேவ் ஒன்றும் இருக்கிறது. அதன் கதவில் நல்ல சுவிட்ச் இருக்கும் என்று வீடியோவில் காட்டினார்கள். கழற்றட்டுமா?

சித்தப்பா: அத்தான், கையே வைக்காதீர்கள்! சுவிட்ச் இருப்பது உண்மை. ஆனால் அதே பெட்டிக்குள் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கிறது, 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். ரெண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கிற சுவிட்சுக்கு அந்த விளையாட்டு வேண்டாம் லா.

தாத்தா: ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும்போது எதற்கு வம்பு. செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் பூடுவில் இறங்கலாம், வண்டி மாற வேண்டாம். காலையில் போகிறேன்.

அப்பா: நானும் வருகிறேன் அப்பா. உங்களைத் தனியாக விட்டால் கடை கடையாக ஏறி இறங்கிப் பொழுது சாய்ந்துதான் வருவீர்கள்.

சனிக்கிழமை

தாத்தா: 📷 படம்

தாத்தா: இதுதான் மைக்ரோ சுவிட்ச். நீளம் 28 மில்லிமீட்டர். மேலே ஒரு தகட்டு நெம்புகோல், அதன் நுனியில் குட்டிச் சக்கரம். தொட்டால் 'டிக்' என்கிறது. மூன்று கால். சி, என்ஓ, என்சி என்று பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது.

அப்பா: சுவிட்சை உடனே வாங்கிவிட்டோம். அதற்கப்புறம் மல்டிமீட்டர் பார்க்கிறேன் என்று நின்றவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது.

அம்மா: வயர் ரெண்டுதானே மாமா, கால் எதற்கு மூன்று?

தாத்தா: சி பொதுவானது அம்மா. சும்மா இருக்கும்போது சியும் என்சியும் சேர்ந்திருக்கும். அழுத்தினால் அது விட்டுப்போய் சியும் என்ஓவும் சேரும். நமக்கு எது தேவையோ அதில் வயரை வைக்கலாம். சாதாரண காலிங்பெல் சுவிட்சில் இந்த வசதி கிடையாது, அழுத்தினால் சேரும், அவ்வளவுதான்.

சித்தப்பா: இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்வார்கள். யமஹா பெடல் சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். கேசியோவில் பெரும்பாலும் நேர்மாறு. மாறிப்போனால் காலை எடுத்தால் ஓசை நீளும், மிதித்தால் நிற்கும். பாப்பா, உன்னுடையது யமஹா பிஎஸ்ஆர் மாடல்தானே? தாத்தா பலகை அறுக்கும் முன் ஒரு சோதனை செய். கீபோர்டை அணைத்துவிட்டு மைக் வயரைச் செருகு. வயரின் வெட்டிய முனைகள் தொடாமல் இருக்கும்போது ஆன் செய்து, வாசித்துக்கொண்டே முனைகளைத் தொட வைத்துப் பார். அப்புறம் அணைத்துவிட்டு, முனைகளைச் சேர்த்து முறுக்கி ஆன் செய். இப்போது பிரித்துப் பார்.

நான்: அத்தை வயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். செய்து பார்த்தேன். பிரித்து வைத்து ஆன் செய்தால், தொடும்போது ஓசை நீள்கிறது. சேர்த்து வைத்து ஆன் செய்தால், பிரிக்கும்போது நீள்கிறது. ரெண்டுமே வேலை செய்கிறதே சித்தப்பா!

சித்தப்பா: அப்படியானால் ஆன் ஆகிற நேரத்தில் வயர் எப்படி இருக்கிறதோ, அதையே 'கால் வைக்கவில்லை' என்று உன் கீபோர்டு எடுத்துக்கொள்கிறது. சுவிட்சின் எந்தக் காலில் வயரை வைத்தாலும் ஓடும். இருந்தாலும் என்சியிலேயே வையுங்கள் அப்பா, யமஹாக்காரன் வழியிலேயே போவோம்.

தாத்தா: வயரை உரித்தாயிற்று. நடுவில் சிவப்பு உறை போட்ட ஒரு கம்பி, அதைச் சுற்றிச் செம்புப் பின்னல். பின்னலில் ஈயம் ஒட்டமாட்டேன் என்கிறது, உருண்டு ஓடுகிறது.

சித்தப்பா: சில மலிவு வயர்களில் கம்பி மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள். சேண்ட்பேப்பரால் தேய்த்துவிட்டு வைத்துப் பாருங்கள்.

தாத்தா: தேய்த்ததும் பிடித்துக்கொண்டது. சியில் ஒன்று, என்சியில் ஒன்று. சுவிட்ச்தானே, எது எதில் என்ற கவலை இல்லை. என்ஓ சும்மா கிடக்கட்டும்.

மாமா: முடிந்ததா? இவ்வளவுதானா?

தாத்தா: இனிமேல்தான் வேலையே.

ஞாயிற்றுக்கிழமை

நான்: தாத்தா கட்டிக் கொடுத்ததை மிதித்தால் முன்னால் ஓடிப்போகிறது. மொசைக் தரை வேறு. பாட்டு முடிவதற்குள் பெடல் சுவரில் போய் முட்டி நிற்கிறது.

மாமா: காசு கொடுத்து வாங்கியதும் அப்படித்தான் ஓடும்.

அத்தை: கீழே ரப்பர் ஒட்டுங்கள் அப்பா.

தாத்தா: ரப்பர் மட்டும் போதாது. தரையில் தூசி படிந்தால் அதுவும் வழுக்கும். அடிப்பலகையையே நீளமாக்கிவிட்டேன். இப்போது பாப்பாவின் குதிகாலும் அதே பலகை மேல்தான் இருக்கும். அவள் கால் எடையே பலகையைப் பிடித்துக்கொள்ளும், ஓட முடியாது. குதிகாலுக்கு முன்னால் கதவுக் கீல், அதில் மேல்பலகை, விரல் பக்கம் கீழே சுவிட்ச். அடியில் பழைய மோட்டார் சைக்கிள் டியூபையும் வெட்டி ஒட்டியிருக்கிறேன், உன் திருப்திக்கு.

சித்தப்பா: சுவிட்ச் மேல் பலகை முழுப் பாரத்தோடு உட்காரக் கூடாது அப்பா.

தாத்தா: பினாங்கில் பாயான் லெப்பாஸில் இருந்துகொண்டு எனக்குச் சொல்லித் தருகிறாயா? மேல்பலகை இறங்கும் இடத்தில் ரெண்டு பக்கமும் கட்டை வைத்திருக்கிறேன். சுவிட்ச் 'டிக்' என்ற பிறகு ஒரு மில்லிமீட்டர் இறங்கும், அதோடு பலகை கட்டையில் உட்கார்ந்துவிடும். இவள் எழுந்து நின்று மிதித்தாலும் பாரம் கட்டைக்குத்தான். கட்டை மேல் சிலிப்பர் அடியை வெட்டி ஒட்டினேன். இல்லாவிட்டால் டொக் டொக் என்ற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

அம்மா: யாருடைய சிலிப்பர் மாமா?

தாத்தா: பழையது.

அப்பா: என்னுடையது.

அத்தை: 😂😂😂

நான்: தாத்தா, ஸ்பிரிங் ரொம்பக் கனமாக இருக்கிறது. ஒரு பாட்டிலேயே கணுக்கால் வலிக்கிறது.

தாத்தா: அது செடி வெட்டும் கத்தரியின் ஸ்பிரிங். மாற்ற வேண்டாம், கீல் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன். கீலுக்குக் கிட்டே போகப் போக விரலுக்கு இலேசாகும். எங்கே சரிப்படுகிறது என்று நீயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

அப்பா: வயர் வெளியே வருகிற இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டோம். யாராவது தடுக்கி இழுத்தாலும் சுவிட்சின் ஈயம் வரை இழுபடாது. பழைய பெடல் செத்ததே அந்த இடத்தில்தான்.

நான்: இப்போது நன்றாக இருக்கிறது! பழையதைவிட இதுதான் காலுக்குப் பிடித்திருக்கிறது. மிதிப்பது தெரிகிறது.

மாமா: வீடியோவில் பெரிய ஆட்கள் பாதி மட்டும் மிதிக்கிறார்களே, அது இதில் வருமா?

சித்தப்பா: வராது அத்தான். சுவிட்சுக்குத் தெரிந்தது ரெண்டே நிலை. மிடி என்று இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது, அதில் பெடலின் மதிப்பு 0 முதல் 127 வரை போகும். சாதாரண கீபோர்டு 63 வரை மிதிக்கவில்லை என்றும் 64 முதல் மிதித்தாயிற்று என்றும் எடுத்துக்கொள்ளும். பாதி மிதிக்க வேண்டுமானால் சுவிட்சுக்குப் பதில் வால்யூம் திருகு மாதிரியான பொட்டென்ஷியோமீட்டர் வேண்டும், மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ பிளக் வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த கீபோர்டும் வேண்டும். பாப்பாவுடையதற்கு அந்த வசதி இல்லை. எனவே நல்ல சுவிட்ச் இருந்தால் இவளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

அத்தை: வெள்ளிக்கிழமை பஜனைக்கும் இதை மிதிப்பாயா பாப்பா?

நான்: பஜனைக்கு ஆர்மோனிய டோன் அத்தை, அதில் காலை வைக்கவே மாட்டேன். பியானோ டோன் என்றால் மிதித்துக்கொண்டே இருந்தாலும் ஓசை தானாகத் தேய்ந்துவிடும். ஆர்மோனியம், ஆர்கன் எல்லாம் காலை எடுக்கும்வரை அப்படியே நிற்கும். ஸ ரி க ம எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூச்சலாகிவிடும். பியானோவிலும் மிதித்தபடியே இருக்கக் கூடாது. அடுத்த கார்டை, அதாவது சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டத்தைத் தொடும்போது காலை எடுத்து, தொட்ட உடனே மறுபடி மிதிக்க வேண்டும். டீச்சர் அதற்குத்தான் அடிக்கடி திட்டுவார்.

தாத்தா: ஆர்மோனியத்துக்குக் காற்று போதும். எல்லாவற்றுக்கும் எதற்குப் பெடல்.

திங்கட்கிழமை

நான்: தாத்தா! பெடல் தலைகீழாகிவிட்டது. காலை எடுத்தால் நீள்கிறது, மிதித்தால் வெட்டுகிறது!

தாத்தா: என்சியில்தானே வைத்தேன். ஈயம் விட்டிருக்காது.

சித்தப்பா: பாப்பா, ஆன் செய்தபோது பெடல் மேல் ஏதாவது இருந்ததா?

நான்: ... ஸ்கூல் பை.

சித்தப்பா: அதுதான் விஷயம். கீபோர்டு கண் விழிக்கும்போது பெடல் மிதிபட்டிருந்தது. அதையே 'சும்மா இருக்கும் நிலை' என்று எடுத்துக்கொண்டது. ஆன் செய்யும்போது பெடலை மிதிக்காதே என்று யமஹா கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். பையை எடு, அணைத்து ஆன் செய்.

நான்: சரியாகிவிட்டது 🙏

அம்மா: அந்தப் பையை அலமாரியில் வை என்று எத்தனை தடவை சொல்வது!

தாத்தா: மண்டபத்தில் யாராவது நாற்காலிக் காலைப் பெடல் மேல் வைத்துவிடுவார்கள். முதலில் கீபோர்டை ஆன் செய், அப்புறம் உட்கார்.

அத்தை: அப்பா, என் பையனுக்கும் ஒன்று செய்து தருவீர்களா? அவனுடையது கேசியோ.

தாத்தா: தருகிறேன். அவனையும் அதே மாதிரி வயர் முனைகளைத் தொட வைத்துப் பார்க்கச் சொல். தொட்டால்தான் நீள்கிறது என்றால் என்ஓவில் வைப்பேன். பலகை இருக்கிறது. வயர்தான் இல்லை.

மாமா: இன்னொரு மைக் நல்ல நிலையில் இருக்கிறது ஐயா, அதைத் தரமாட்டேன்.

அப்பா: சிலிப்பரும் இல்லை.

தாத்தா: சனிக்கிழமை ஜாலான் பாசார் போகிறேன். மோனோ பிளக்கும் வயரும் தனியாகவே வாங்கிவிடலாம். வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

அம்மா: மாமா, சனிக்கிழமை நிகழ்ச்சி!

தாத்தா: அது சாயங்காலம்தானே.